கண் மூடும் பொம்மை

நேற்றும் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. போன மாதத்துப் பார்சலே அலுமாரிக்கு மேல் காத்திருக்கிறது. வரிசை முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். மூன்று விலைமனு இல்லாமல் விளக்குமாறுகூட வாங்க விட்டதில்லை. இப்போது கைப்பேசியில் விரல் பட்டாலே சாமான் வாசலுக்கு வந்துவிடுகிறது. வாங்குவதில் எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை. வாங்கியதைக் கொடுத்துவிடும் நடைமுறை ஒன்றும் உண்டு. அதைச் சிறுவயதில் பார்த்தேன்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கிறிஸ்தவக் கோயில் இருந்தது. அங்கே வருடம் ஒருமுறை அறுப்பின் பண்டிகை. அறுப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். கொழுந்தெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் விளைந்த பூசணி, போஞ்சி, வாழைச்சீப்பு, இவைதான் காணிக்கை. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் போடுவார்கள். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அல்லது அங்கேயே மறுபடியும் காணிக்கையாகக் கொடுக்கலாம். கொடுத்தால் அது திரும்பவும் ஏலத்துக்கு வரும். சேரும் பணம் அந்த வருடம் கோயிலின் புதுக்கூரைக்கு.

அந்த வருடம் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரின் வீட்டம்மா ஒரு பொம்மை கொடுத்திருந்தார். பொன்னிற முடி, ரோஸ் நிறக் கவுன். படுக்க வைத்தால் கண் மூடும். அதை எனக்கு எடுத்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை அவருக்கு. அம்மா வளர்த்த சேவலைப் பொம்மைக்காக விற்றிருந்தார். போதுமென்ற மனதைப் பற்றிப் போதகர் நீளமாகப் பிரசங்கித்தார். பூசணிமேல் சாய்ந்திருந்த பொம்மையைப் பார்த்தபடி நான் அதை முழுமனதோடு ஆமோதித்தேன். அது ஒன்று எனக்குப் போதும்.

ஏலம் போட்டவர் மாமா, அம்மாவின் அண்ணன். ஒவ்வொன்றும் போனதும், "வீட்டுக்கா, கோயிலுக்கா?" என்று கேட்பார். எடுத்தவர் வாய் திறக்குமுன் பிள்ளைகள் எல்லாரும், "கோயிலுக்கு!" என்று கத்துவோம். ஒரே ஒரு முட்டை அப்படிக் கை மாறி மாறித் திரும்பி வந்துகொண்டே இருந்தது.

"இது குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சும் முட்டை போடுற வரைக்கும் விடமாட்டீங்க போல!" என்றார் மாமா.

"கீழ போட்டுடாத மச்சான், புதுக்கூரை அது மேலதான் நிக்கப் போகுது," என்றார் கங்காணி.

பொம்மையின் முறை வந்தது. கங்காணி வாய் திறந்தார், பக்கத்திலிருந்த மனைவி அவரை இடித்தார், மூடிக்கொண்டார். யாருக்காக என்பது கோயில் முழுக்கத் தெரிந்திருந்தது. "மூணு தரம்!" அப்பா வாங்கி வந்து என் கையில் வைத்தார். சாய்த்தேன், கண் மூடியது. நிமிர்த்தினேன், திறந்தது.

மாமா பழக்கதோஷத்தில், "வீட்டுக்கா, கோயிலுக்கா?" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். எல்லாரையும்விட உரக்க நான் கத்தினேன்: "கோயிலுக்கு!"

கோயிலே சிரித்தது. பிறகு அடங்கியது.

"ஏய் மருமகளே, தெரிஞ்சுதான் சொல்றியா?"

"அவளுக்கு என்னா தெரியும், விடுண்ணே," என்றாள் அம்மா.

அப்பா குனிந்து என் காதருகே, "வாய் தவறிடுச்சா கண்ணு? வச்சுக்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு," என்றார்.

வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று தோன்றியது; பிற்கால அதிகாரி அப்போதே விழித்துக்கொண்டாள் போலும். நடந்துபோய்ப் பொம்மையை மாமாவிடம் நீட்டினேன்.

அதைக் கங்காணி எடுத்தார். "கோயிலுக்கு," என்றார். அடுத்து எடுத்தவரும் அதையே சொன்னார், அவருக்கு அடுத்தவரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோக அன்று ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அது கோயிலிலேயே தங்கிவிட்டது. கிறிஸ்மஸுக்கு முன்னணையில் வைக்கோல்மேல், அதே பொன்முடியும் கவுனுமாக, குழந்தை இயேசுவாகப் படுத்திருந்தது. போதகர் ஆட்சேபிக்கவில்லை. படுக்க வைத்ததும் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டது.

ஏல நாளன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கீர்த்தனை பாடியபடி லயத்துக்கு இறங்கினார்.

"சேவலும் போச்சு, பொம்மையும் போச்சு, இதுல பாட்டு வேற!" என்றாள் அம்மா.

"ஆண்டவருக்குப் பெருசா ஒன்னு குடுக்கணும்னு எவ்வளவு நாளா ஆச எனக்கு. இன்னைக்கு எம்மக குடுத்துட்டா."

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவும் சேர்ந்து பாடினாள்.

நான் அழுவதற்குத் தயாராக இருந்தேன். முதல் திருப்பத்தில் அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் வரவில்லை. பொம்மை இல்லாத கைகள் அப்பாவின் தலைமயிரைப் பிடித்திருந்தன. நெஞ்சுக்குள் ஏதோ கதகதப்பாக, நிறைந்து இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. லயத்து வாசலில் இறக்கிவிட்டதும் அம்மாவிடம் ஓடி, காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அம்மா நெற்றியில் புறங்கையை வைத்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"ஒன்னுமில்லடி," என்றாள். "நல்லாத்தான் இருக்க."

நான் நம்பவில்லை.