மூன்றாவது சுற்று

இது நடந்தது. சொன்னவர்கள் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாகூர் ஏரிக்குக் கீழே, கரும்பும் நெல்லும் மாறி மாறி விளையும் அந்தச் சின்ன ஊரில் இன்றைக்கும் வெள்ளைத் துணியைத் தரையில் விரித்துக் காயப்போட மாட்டார்கள். கொடியில்தான் போடுவார்கள். கொடி இல்லாவிட்டால் ஈரத்தோடு சுருட்டி வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். பேய் என்றால் நடுச்சாமம், சலங்கை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இது உச்சி வெயிலில் வந்தது. மேலேயிருந்து வந்தது.

வருஷம் 1947. நம் பக்கம் பிரெஞ்சுக்காரன் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அம்சவள்ளி கையில் நான்கு மாதப் பெண் குழந்தை, அமிர்தம். புருஷன் தணிகைவேல் பட்டாளத்திலிருந்து திரும்பியவன். அவனும் அம்சவள்ளியின் அண்ணன் நடேசனும் ஒன்றாக வளர்ந்தவர்கள். சண்டைக் காலத்தில் கஞ்சிக்கே இழுபறியானபோது இரண்டு பேரும் ஆற்றைக் கடந்து கடலூருக்குப் போய், இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார்கள். துப்பாக்கி கிடைக்கும் என்று போனார்கள். கிடைத்தது மூட்டை. டக்கோட்டா என்ற சரக்கு விமானத்தில் ஏற்றி, பர்மா காட்டுக்கு மேலே கொண்டுபோய், மூட்டைகளைக் கீழே தள்ளச் சொன்னார்கள்.

நடேசன் ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். வந்தவனுக்கு வாய் ஓயவில்லை.

"கதவே இருக்காது அம்சா. பெரிய ஓட்டை. அங்க மூட்டைய அடுக்கிட்டு நாங்க மல்லாந்து படுத்துக்குவோம். டிர்ர்ர்னு மணி அடிக்கும். அடிச்சதும் ரெண்டு காலாலயும் ஒரே ஒதை. மணி அடிச்சப்புறம் யோசிக்கவே கூடாது."

கீழே இருக்கிற சிப்பாய்கள் காட்டைக் கொஞ்சம் வெட்டி, வெள்ளைத் துணியை விரித்து வைப்பார்களாம். வெள்ளை தெரிகிற இடத்தில் போட வேண்டும். மருந்துக்கும் தோட்டாவுக்கும் பாராசூட் குடை கட்டி இறக்குவார்கள். அரிசிக்குக் குடை கிடையாது. ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்கு, அவ்வளவுதான். அப்படி விழுந்த மூட்டை மேலே பட்டு, பசியோடு காத்திருந்த சிப்பாயே செத்ததும் உண்டு என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். கிளம்பும்போது தங்கையின் தலையில் கை வைத்து, "ஒன் கல்யாணத்துக்குக் குடைத்துணி கொண்டாறேன். வெள்ளவெளேர்னு பட்டாட்டம் இருக்கும், பாரு" என்றான்.

அவன் வரவில்லை. அவனுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தணிகைவேல்தான் வந்தான். காய்ச்சலில் போய்விட்டான், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றான். பெற்றவள் கனகாம்பாள், "மொகத்தக்கூடக் காட்டலியே" என்று அழுதே ஓய்ந்து, ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். சாவதற்குமுன் மகளைத் தணிகைவேல் கையில் பிடித்துக் கொடுத்தாள். அந்தக் கைகள் இரண்டிலும் உள்ளங்கை முழுக்கத் தழும்பு. "கயிறு அறுத்திடுச்சி" என்பான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

மற்றபடி தங்கமான புருஷன். கை நீட்டமாட்டான். சாராயக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். ஒன்றே ஒன்றுதான். வெள்ளைத் துணி தரையில் கிடப்பதைப் பார்த்தால் ஆளே மாறிவிடுவான். பதறி ஓடிப்போய் அதைச் சுருட்டி எடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவான்.

பங்குனி மாதம் ஒரு நாள் கொடிக்கயிறு அறுந்துவிட்டது. அம்சவள்ளி அவனுடைய வேட்டியைக் கரும்புக்கு அந்தப் பக்கம், அறுத்துவிட்ட நெல் தாளின்மேல் விரித்துவிட்டு வந்தாள். அவன் பாகூர் வரைக்கும் போயிருந்தான். வருவதற்குள் காய்ந்துவிடும், எடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

உச்சி நேரம். மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. சட்டென்று நிறுத்தின.

டிர்ர்ர்ர்ர்...

மணி. கோயில் மணி இல்லை, மாதாகோயில் மணியும் இல்லை. அவள் அதுவரை கேட்டறியாத ஒரு மணி. ஆனால் என்ன மணி என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் வாயால் அடித்துக் காட்டிய மணி.

தொப்!

காலடியில் தரை அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. அம்சவள்ளி கரும்பைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வேட்டி விரித்தபடியே கிடந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கட்டாந்தரையில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். உள்ளே ஒன்றுமில்லை. மண்ணிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஒரு காக்காய்கூட இல்லாத வானம்.

சாயங்காலம் தணிகைவேல் பள்ளத்தின் ஓரத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தான். திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இன்னாங்க இது?"

"மொத சுத்து."

"இன்னா சுத்து?"

"பிளேனு ஒரே வாட்டியில எல்லாத்தையும் போடாது அம்சா. சுத்திச் சுத்தி வரும். மொத சுத்து தள்ளி வுழும். ரெண்டாவது கிட்ட வரும். மூணாவது... தவறாது."

பத்து நாள் ஒன்றுமில்லை. கொடிக்கு அவனே புதுக் கயிறு கட்டினான். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு கன்று படுத்திருந்தது. வெள்ளைக் கன்று. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

டிர்ர்ர்ர்ர்...

தொப்!

அவள் போய்ப் பார்த்தபோது கன்று படுத்த இடத்திலேயே கிடந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. ஆனால் தூக்கியபோது சாக்கில் போட்ட விறகு போல உள்ளே எல்லாம் கலகலத்தது. தாய்ப்பசு அன்று ராத்திரி முழுக்கக் கத்தியது.

பிள்ளைக்காரிக்கு வேறு என்ன நினைப்பு வரும்? தூளி கட்டிய ஏணைத் துணி வெள்ளை. குழந்தையின் துணியெல்லாம் வெள்ளை. அம்சவள்ளி வீட்டில் இருந்த மஞ்சளையெல்லாம் அரைத்து, வெள்ளை என்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் முக்கி எடுத்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அண்ணனின் தகரப் பெட்டியில் இருந்த ஒரே ஒரு வேட்டியை மட்டும் முக்க மனம் வரவில்லை. அதை மடித்து, பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டினாள்.

தணிகைவேல் உச்சி நேரமானால் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கத் தொடங்கினான். "யாருங்க அது?" என்று அவள் கேட்டாள்.

"நடேசன்" என்றான். "வூட்டுக்கு வரப் பாக்குறான்."

அந்த வாரம்தான் பலராமன் வந்தான். வில்லியனூர்க்காரன், அதே விமானத்தில் மூட்டை தள்ளியவன். சாராய நெடியோடு வந்து, தணிகைவேல் வீட்டில் இல்லை என்றதும் நிம்மதியாக உட்கார்ந்தான்.

"தணிகை ஒண்ணும் சொல்லலியா தங்கச்சி?"

"இன்னாத்த?"

அவன் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"ஒங்கண்ணன் காய்ச்சல்ல சாவல. மூட்டைக் கயிறு கால்ல சுத்திக்கிச்சி. மணி அடிச்சிச்சி. ஒன் வூட்டுக்காரன் பாத்துக்கினே ஒதச்சித் தள்ளிட்டான். அரிசி மூட்டையோட போனான். குடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சந்தேகமா இருந்தா அவன் கையப் பாரு. அந்தக் கயிறு அறுத்ததுதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அம்சவள்ளி அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்ன வாய். அம்மாவின் சாவுக்கட்டிலில் கையைப் பிடித்த கை. அந்தக் கையால்தான் இரண்டு வருஷமாகத் தன்னைத் தொட்டிருக்கிறான். அவனைக் கேட்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்டால் மறுபடி ஒரு பொய்தானே சொல்வான்? கேட்கவில்லை.

மூன்றாவது சுற்று எப்படியும் வரும். என் பிள்ளைமேல் விழுவதற்குப் பதில், யார் தள்ளினானோ அவன்மேல் விழட்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. அதில் அவளுக்கு அன்று துளி நடுக்கமும் இல்லை.

மறுநாள் களைப்பில் தணிகைவேல் முற்றத்திலேயே பாயைப் போட்டுத் தூங்கிவிட்டான். வெயில் உச்சிக்கு ஏறியது. அம்சவள்ளி குழந்தையை உள்ளே, நெல் குதிருக்குப் பக்கத்தில் கிடத்தினாள். தகரப் பெட்டியைத் திறந்தாள். அண்ணனின் வேட்டியை உதறி எடுத்து வந்தாள்.

தூங்குகிறவனுக்கு வெயில் படாமல் போர்த்துவதைப் போல, கழுத்திலிருந்து கால்வரை விரித்துப் போட்டாள்.

மைனாக்கள் நிறுத்தின.

டிர்ர்ர்ர்ர்...

மணிச் சத்தத்தில் அவன் கண் திறந்தது. மேலே கிடந்த வெள்ளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

எழுந்து ஓடியிருக்கலாம். நேரம் இருந்தது.

"புள்ள எங்க?"

"உள்ள."

"செரி... நீ தள்ளி நில்லு."

தொப்!

புதுச்சேரியிலிருந்து வந்த டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்று கேட்டார். பாயில் படுத்திருந்தான் என்றார்கள். அவர் முற்றத்தைப் பார்த்தார். மரமும் இல்லை, பரணும் இல்லை. பனையிலிருந்து விழுந்ததாக எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதி. தாலி வாங்கினார்கள். இனி ஆயுசுக்கும் வெள்ளைப் புடவைதான். பிறந்த வீட்டுக் கோடியைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்று பெண்கள் அவளுக்கு ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டார்கள். புதுசு, வழவழவென்று இருந்தது. அம்சவள்ளி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பலராமனும் சாவு விசாரிக்க வந்தான். குடித்திருக்கவில்லை. தணிகைவேல் செத்த விதத்தை யாரோ சொல்லக் கேட்டவன், அவள் எதிரில் தொப்பென்று குந்திவிட்டான்.

"தங்கச்சி... அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"ஒதச்சவன் நான். மணி அடிச்சிச்சி, ஒதச்சிட்டேன். நடேசன் வெளிய தொங்கினான். தணிகைதான் அந்தக் கயிறப் புடிச்சான். கைச்சதை பிஞ்சி எலும்பு தெரிஞ்சிச்சி, வுடல. அவனும் சேந்து வெளிய போயிடுவான்னு நாங்க நாலு பேரு அவன் வெரலப் பிரிச்சி வுட்டோம். ஒங்கம்மாவுக்குத் தெரிய வாணாம்னு அவன்தான் காய்ச்சல்னு சொன்னான். எங்க சொல்லிடுவானோன்னு நான்தான் பயந்து..."

அம்சவள்ளி எதையோ முகர்ந்தாள்.

பெட்ரோல்.

மடியைத் தடவிப் பார்த்தாள். வெள்ளவெளேர் என்று, பட்டாட்டம்...

"இந்தக் கோடிய யாரு கொண்டாந்தது?"

வாசற்படியில் கிடந்தது என்றாள் ஒருத்தி. பிறந்த வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்ததாக இன்னொருத்தி சொன்னாள்.

பிறந்த வீட்டில் ஒருவரும் உயிரோடு இல்லை.

அவள் எழுந்து துணியைப் பிடித்து இழுத்தாள். அவிழ்க்கப் பார்த்தாள். "ஐயோ, கோடிய அவுக்கக் கூடாதுடி!" என்று நாலைந்து பேர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தார்கள். குழந்தையை இன்னும் இறுக்கி அவள் மார்பில் சாய்த்து, வெயில் படுகிறது என்று முந்தானையை இழுத்து அதன்மேல் மூடினார்கள்.

மைனாக்கள் நிறுத்தின.

டிர்ர்ர்ர்ர்...

கரும்புக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

தொப்!

கொஞ்சம் விட்டு, அதன் பின்னாலேயே இன்னொன்று. இப்போது வீட்டுக்கு வரப் பார்ப்பது இரண்டு பேர்.

தொப்!