பார்க்காமல் தூக்கிய துடுப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் 'ரெண்டு தடவை'. லிஃப்டைத் தாங்கும் கம்பியைப் பார்ப்பார், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பார், திரும்ப மூடிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பார். வீட்டில் கேஸ் அடுப்புக்கும் அதே மரியாதைதான். "என்னை மட்டும் ஒரே தடவைதான் பாத்தாரு, மாட்டிக்கிட்டாரு" என்று மனைவி சிரிப்பாள்.

ஊருக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடும் ஓடை ஒன்று இருந்தது. மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர். இருபுறமும் மரங்கள், பார்க்க அவ்வளவு அழகு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டுவார். கூடவே இன்னொரு படகில் மனைவியின் தம்பி, டெய்லர்.

அந்த ஓடையில் ஒரே ஓர் இடத்தில் விளையாட்டு கூடாது. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் விழும். மேலிருந்து வருகிறவனுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் விளிம்புக்கு முன்பே ஒதுங்கி, படகை விட்டு இறங்கி, பாறைமேல் ஏறிக் கண்ணால் பார்க்க வேண்டும். வழி சரியாக இருந்தால் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். தூக்கினால் வா என்று அர்த்தம், அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அன்று முன்னால் போன அவர் ஒதுங்கினார், இறங்கவில்லை. பாறை வழுக்கும், முழங்கால் வலி வேறு. போன வாரம் பார்த்த இடம்தானே, எங்கே ஓடிப்போய்விடும்? உட்கார்ந்த இடத்திலேயே துடுப்பைத் தூக்கிவிட்டார்.

வாரத்தின் நடுவில் பெய்த மழை ஒரு மரக்கிளையைக் கொண்டுவந்து அடியில் செருகியிருந்தது. டெய்லரின் படகு நேராக அதில் மோதிக் கவிழ்ந்தது. அவனை வெளியே இழுத்தபோது வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கத்தரி பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரியில் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "ஏறிப் பாத்தீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "மாமா பாத்துட்டுத்தான்க்கா தூக்குனாரு. நான்தான் கோட்ட விட்டுட்டேன்."

இவர் தலையாட்டினார். வெட்கங்கெட்ட தலை, ஆடித் தொலைத்தது. அதற்குப் பிறகு யாராவது 'ரெண்டு தடவை' என்று கூப்பிட்டாலே மனிதர் கூனிக் குறுகிப் போனார். லிஃப்டுக்குள் இருக்கும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை பார்த்தார்.

பத்தாம் நாள் தையல் கடைக்குப் போனார். மச்சினன் இடது கையால் துணியில் சாக்குக்கட்டிக் கோடு போடப் பழகிக்கொண்டிருந்தான். கோடு கோணல்மாணலாகப் போயிருந்தது.

"அன்னிக்கு நான் எறங்கிப் பாக்கலடா."

"தெரியும் மாமா. மேலருந்து பாத்துட்டுத்தானே இருந்தேன். நீங்க படக விட்டு எறங்கவே இல்ல."

"அப்புறம் ஏன்டா வந்த?"

அவன் துணியிலிருந்து நிமிர்ந்தான். "நீங்க தூக்குனீங்களே, மாமா."

மெக்கானிக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அக்காகிட்ட நானே சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைப் படியில் இறங்கினார்.