இரண்டு கை வேண்டும் விளக்கு

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஆளை, வேலை முடிந்ததும் சேனாதிபதி அப்படியே போக விடமாட்டார். “ஒரு நிமிசம், அந்த எலையத் தொட்டுட்டுப் போங்க” என்பார். வாசலோரம் ஒரு ஜெரேனியம் தொட்டி, அடுப்படியோரம் இன்னொன்று. வந்தவர் வாசல் செடியின் இலையைப் பிடிக்க வேண்டும். இவர் அடுப்படிச் செடியின் இலையைப் பிடிப்பார். நடு வீட்டில் இருவரும் எட்டிக் கைகோத்தால் சுவரிலிருக்கும் குட்டி பல்பு சிவப்பாக எரியும்.

பள்ளங்கி மலைக்கிராமத்தில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. சேனாதிபதி கொடைக்கானல் விடுதிகளில் ஒயரிங், ஹீட்டர் ரிப்பேர் என்று காலம் தள்ளுகிற மனிதர். தொட்டி மண்ணில் செருகிய ஒயர் வழியே பேட்டரியின் மின்சாரம் ஒரு இலைக்குள் புகுந்து, ஆட்கள் வழியாக ஓடி, அடுத்த இலையில் இறங்குகிறது; அந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கி பல்பை எரியவைக்க, சுவரில் அவரே செய்த சின்ன சர்க்யூட் ஒன்று உண்டு. “உசுருள்ள எலைதான் வேலைக்காகும். காஞ்சுபோச்சுன்னா கரண்டு ஏறாது” என்பார். சுருக்கென்றுகூட இருக்காது. ஆனாலும் சிலர் பயந்து கையை உதறிவிடுவார்கள். அப்போது அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காது.

மனைவி சிவபாக்கியம் இருந்தபோது விளையாட்டாகச் செய்தது இது. “கெழவனுக்குக் கையப் புடிக்க ஒரு சாக்கு” என்று திட்டிக்கொண்டேதான் அவள் கையை நீட்டுவாள். மலைக்குளிர் அவளுக்கு மூச்சிழுப்பைக் கொடுத்தது. தை மாதம் மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்திலுள்ள மகள் வீட்டுக்கு இறங்கிப் போனாள். சித்திரையில் வந்துவிடுவாள் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் மகள் புவனாவின் போன்தான் வந்தது. “டாக்டர் மலையேறவே கூடாதுன்னுட்டாருப்பா. அம்மா இனி இங்கதான் இருக்கும். நீங்களும் வெரசா வந்துருங்க.”

“இங்க சோலி கெடக்கு தாயி” என்றார்.

அப்படியொன்றும் சோலி குவிந்து கிடக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டால், அவள் இனி வரப்போவதில்லை என்று தானே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு போடும் கந்தவேலுக்கு இவர் கைகோக்க ஆள் தேடும் கோலத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “எதுக்குண்ணே ஆளாளுக்குக் கெஞ்சிக்கிட்டு? ஒரு ஒயர் போதுமே” என்று இரண்டு செடிக்கும் நடுவே ஒயரை இழுத்துக் கட்டினான். பல்பு பளிச்சென்று எரிந்தது. காலமெல்லாம் ஒயர் இழுத்தவருக்கு இது தெரியாதா! “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தார்.

கதவைச் சாத்திவிட்டு ஒயரை அவிழ்த்தார். பல்பு அணைந்தது. அடுப்படி இலையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையை நடு வீட்டை நோக்கி நீட்டியபடி நின்றார்.