தர்ஷினி அமுக்கினால் நான் பேசுவேன்

ஒரு சில வாரங்கள், தினமும் காலையில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தின் கதவைத் திறந்ததும் என் குரலே எனக்கு வணக்கம் சொன்னது. நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எதிரே எட்டு வயதுத் தர்ஷினி டேப்லட்டை அணைத்தபடி நிற்பாள். நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், பேச்சுதான் வராது. திரையில் உள்ள படத்தை அமுக்கினால், அதற்குரிய சொல்லை டேப்லட் பேசும். அந்தப் பேச்சு என்னுடையது. ஊரில் இருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு குழந்தையிடமிருந்து நம் குரல் வருவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

கல்யாணமாகி மலேசியாவில் உள்ள பத்து பகாட் ஊருக்கு வந்து இந்த மையத்தில் சேர்ந்தபோது, அந்த டேப்லட்டைத் தொடவே பயந்தேன். உடன் வேலை செய்யும் மலாய் ஆசிரியை ஹஸ்னாதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதில் மலாய்க் குரல் இருந்தது, ஆங்கிலக் குரல் இருந்தது, தமிழ் இல்லை. நாமே பதிவு செய்யலாம் என்றார். எனக்குக் கேட்கவா வேண்டும்? திருநெல்வேலியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவள் நான். ழகரம் வராமல் ஒருவரையும் மேடையேற விட்டதில்லை. சாமான் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, செய்தி வாசிப்பவளைப் போலப் பதிவு செய்தேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும்." "எனக்கு வலிக்கிறது." "அம்மா."

கேட்டு முடித்த ஹஸ்னா, "சுவாரா சியாப்பா?" என்றார். யாருடைய குரல் என்கிறார். "சுவாரா சாயா," என் குரல்தான் என்றேன் பெருமையாக. அவர் தர்ஷினியைக் காட்டி மறுபடியும் அதையே கேட்டார். என் மலாய் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, நெஞ்சைத் தொட்டுக்காட்டி இன்னும் சத்தமாகச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தர்ஷினி வேகமாகக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள், காது வலிப்பதைச் சொன்னாள். கோபம் வந்தால் மணிக்கட்டைக் கடிக்கும் பழக்கம்கூட நின்றது. பிறகு ஒரு திங்கட்கிழமை மணிக்கட்டில் புதிய பல்தடங்களுடன் வந்தாள். வீட்டில் டேப்லட்டை யாரும் திறக்கவே இல்லை என்று தெரிந்தது. மறு வாரமும் அதே கதை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைக்குக் கிடைத்த வாயைப் பெற்றவளே அடைக்கலாமா? அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள் என்ற வெட்கம்தான் காரணம் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டு, சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா புனிதா துணித் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் கேட்ட கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பிள்ள பேசுதேன்னு எனக்குச் சந்தோஷந்தான். ஆனா அது 'அம்மா'ன்னு அமுக்குனா, நீங்கதான கூப்பிடுறீங்க? எட்டு வருசமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன் லா."

அது இந்தப் பிள்ளையின் குரலா என்றுதான் ஹஸ்னா கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூசிப்போனேன்.

அடுத்த வீட்டில் இருக்கும் தர்ஷினியின் மாமா மகள் நிஷாவுக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். இருவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். நிஷாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாக அவள் குரலுக்கு மாற்றத் தொடங்கினோம். என் தண்ணீர் போய் "தண்ணி வேணும்" வந்தது. என் "வேண்டாம்" இருந்த இடத்தில் "வேணாம் லா!" என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்துக் கத்தினாள் நிஷா.

"'லா' எதுக்குடா? சும்மா 'வேணாம்'னு சொன்னா போதாதா?" என்றேன்.

"அலமாக், ஐயோ! அப்புறம் எப்படி டீச்சர் கோவமா சொல்றது?"

தர்ஷினி உடனே அதை அமுக்கினாள். மீண்டும் மீண்டும் அமுக்கி, உடம்பே குலுங்கச் சிரித்தாள். புதிதாகப் பதியும் ஒவ்வொரு முறையும், பழையதை அழிக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அமுக்குவது என் வேலை. உண்மையைச் சொன்னால் வலித்தது. இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள் என் குரல் கொஞ்ச நாள் குடியிருந்தது, அதை என் கையாலேயே காலி செய்துகொண்டிருந்தேன்.

"அம்மா"வைக் கடைசியாக வைத்திருந்தோம். நிஷா ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். தர்ஷினி அதை அமுக்கியபோது புனிதா அடுப்படியில் இருந்தார். "என்னாடா கண்ணு?" என்று பதில் வந்தது. கைவேலையை விடாமல், யோசிக்காமல் வந்த பதில். பிறகுதான் ஈரக்கையோடு ஓடிவந்து, வாசலில் நின்று அழுதார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். கணவர் வாங்கியிருந்த புதிய எண்ணிலிருந்து திருநெல்வேலிக்கு அழைத்தேன்.

"அம்மா."

"யாரும்மா பேசுத?"

"எப்படி இருக்கீங்க? சாப்பிட்டாச்சா?" என்றேன். அதற்கும் அதே கேள்விதான் வந்தது. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டது கேட்டது, கூப்பிட்டவள் யாரென்றுதான் தெரியவில்லை. செய்தி வாசிப்பவளைப் போன்ற என் பேச்சில் எங்கள் ஊர் இல்லை.

பெற்றவளிடம் என் பெயரைச் சொன்னேன். இப்போது இருக்கும் ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.