ஸ்டெல்லா அக்காவின் எடுத்துக்காட்டுகள்

இல்லை, திடீரென்று ஒன்றும் இல்லை. அப்படிச் சொல்லாதீர்கள். தாம்பரம் ரயில்வே பாலத்தின் படியில் நான் ஏறும்போது, ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அப்போதிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் 'திடீரென்று' என்றேதான் சொல்கிறார்கள். அக்கா எங்களுக்கு எழுதியே கொடுத்திருந்தார். நாங்கள் வாசிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கண வழிகாட்டி போடும் சிறிய பதிப்பகம் எங்களுடையது. அக்கா எழுதுவார். நான் பிழை பார்ப்பேன். சேர்ந்த புதிதில், 'தி' (the) என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதற்கு இருபது பக்கம் என்று கேட்டேன்.

"தமிழ்ல அது இல்லடி. அதான் நம்ம பசங்க முழிக்கறாங்க. முதல் வாட்டி சொன்னா, ஏதோ ஒரு நாய். ரெண்டாவது வாட்டி, அந்த நாய். உனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி நடிக்கக் கூடாது. அவ்ளோதான் 'தி'."

பூனை, பந்து என்றெல்லாம் எழுத மாட்டார். அன்றன்று தனக்கு நடந்ததைத்தான் எழுதுவார். பெருங்களத்தூரில் ஒரு பஸ் நிற்காமல் போனது. அந்த பஸ்ஸில் என் தம்பி இருந்தான். இப்படி.

போன வருடம் ஒரு பக்கம் வந்தது. எனக்கு ஒரு கட்டி வந்திருக்கிறது. அந்தக் கட்டி வலிக்கவில்லை. ஒரு டாக்டரைப் பார்த்தேன். அந்த டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள். 'தி' வரவேண்டிய இடத்தில் எல்லாம் வந்திருந்தது. பச்சை மையில் டிக் போட்டேன்.

"எல்லாம் சரியா இருக்கா?" அக்கா என் மேசைக்கே வந்து கேட்டார்.

"சூப்பர்க்கா. ஒரு தப்புகூட இல்ல."

அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தார். "அப்போ சரி."

முதலாளியும் கையெழுத்துப் போட்டார். புத்தகம் கடைகளுக்குப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நேற்று அக்காவின் படத்துக்கு மாலை போட்ட கையோடு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பசங்க புக்குல கட்டி, டாக்டர்லாம் எதுக்கு? மாம்பழம்னு மாத்திடு. நாளைக்கு ரீபிரிண்ட் போவணும்."

"சார், அது அவங்களோட..."

"தெரியும்மா. எதப் போட்டா என்ன, ரூல் ஒண்ணுதானே?"

தெரியுமாம். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. கேட்டால் என்னையும் கேட்க வேண்டும். அந்தப் பச்சை மை என்னுடையது.

அக்காவின் குடை அவர் நாற்காலியில் இன்னும் தொங்குகிறது. போய் வாருங்கள், அக்கா. மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை.

இன்று காலை அந்த நான்கு வாக்கியங்களையும் முதல்முறையாக வாசித்தேன், வாய்விட்டு. ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பக்கத்தின் ஓரத்தில், பிழை பார்த்தவர் என்று என் பெயரை முழுதாக எழுதி, அச்சகத்துக்கு அனுப்பினேன்.