கொச்சங்காடியில் காயக்கூடாத கூரை

2004 மார்ச்சில் நான் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. தங்கை சரோஜாவின் கணவர் செல்வராஜ் மாரடைப்பில் போய்விட்டார். முனிசிபல் வேலை, நாற்பத்தாறு வயது. அங்கே கொச்சங்காடியில் சொந்த வீட்டுக்குக் கூரை வார்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

கோவையிலிருந்து எர்ணாகுளம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். ரயிலில் நாலரை மணி நேரம். மட்டாஞ்சேரிக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். துக்க வீட்டுக்குப் போகிறவன் பேரம் பேசலாமா என்று யோசித்தேன். பேசிப் பார்த்துவிட்டு, இரண்டரை ரூபாய்ப் படகில் ஏறினேன்.

படகில் செல்வராஜின் குரல்தான் காதில். கூரை வார்த்த அன்று தொலைபேசியில் அரை மணி நேரம் அறுத்திருந்தார்.

“ஸ்லாக் சிமெண்டாக்கும் மச்சான். இரும்பு உருக்குற எடத்துல மிஞ்சுற கசடை அரைச்சுச் சேர்க்கறது. காங்கிரீட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நெறைய உண்டு. கசடு அதையெல்லாம் மெல்ல அடைச்சிடும். அப்புறம் கடல்காத்து உப்பு உள்ள போக வழியில்ல, கம்பி துருப்பிடிக்காது.”

“மெல்லன்னா?”

“உங்க தங்கச்சிகிட்ட நான் நல்ல பேர் வாங்கற வேகம். மொதல்ல பலம் கம்மி. ஈரம் காயாம வச்சா, போகப் போகச் சாதா சிமெண்டைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.”

மயானத்திலிருந்து மதியம் திரும்பினோம். முற்றத்தில் இரண்டு டிரம் நல்ல தண்ணீர். அங்கே குழாய் விடியற்காலையில் மட்டும்தான் வரும். குளிக்க வேண்டுமே, பாலக்காட்டுச் சித்தப்பா சொம்பை எடுத்தார். காலையிலிருந்து வாய் திறக்காமல், அழாமல், உள்ளே உட்கார்ந்திருந்த சரோஜா எழுந்து வந்தாள்.

“சித்தப்பா, அதைத் தொட வேண்டா. மேல வார்ப்பை நனைக்க வேணும். கிணத்துல குளிங்க.”

“கிணறு உப்பாச்சே.”

“ஒடம்பு துருப்பிடிக்காது.”

“புருஷன் போன அன்னிக்கு சிமெண்டுக் கவலையைப் பாரு,” என்று சித்தப்பா முனகினார். சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, நான் கிணற்றுநீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன்.

“அண்ணே, கூரைக்கு உப்புவெள்ளம் ஊத்துனா கம்பி போச்சு. உள்ள ஓட்டை இன்னும் அடையல. இப்போ ஊத்துனா நேரா உள்ள போகும்.”

உப்பில் குளித்தோம். எல்லோருக்கும் அரிப்பு; எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து, கூரையைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளைக் காட்டினார். “சேச்சி, அடுத்த ஆழ்ச்ச முட்டு எடுக்கட்டே? வேற வேலைக்கு வேணும்.”

“அடுத்த வாரமே வேண்டா. இது பையத்தான் பிடிக்கும். அவர் சொல்லிட்டுப் போயிருக்கார்.”

மேஸ்திரி கிளம்பினார். அவள் குடத்தோடு மேலே ஏறினாள், நான் பின்னால். வார்ப்பின்மேல் விரித்திருந்த சாக்குகளை நனைத்து மூலைவரை இழுத்து மூடினாள். கடைசிச் சாக்கை மூடியபின் அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

மட்டாஞ்சேரி போகிறவர்களுக்கு: மார்ச்சில் புழுக்கம் கொல்லும், குடிநீர் கையோடு வேண்டும். கடலோரத்தில் இந்தச் சிமெண்டில் கட்டுகிறவர்கள் நல்ல தண்ணீருக்கு முதலில் வழி பாருங்கள், முட்டுக்கு அவசரப்படாதீர்கள். துக்க வீட்டில் சும்மா உட்காராமல், எதைத் தூக்க வேண்டும் என்று கேளுங்கள்.

நான் மூன்றாம் நாள் ஊர் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு குடத்தோடு அந்த ஏணியில் ஏறியது சரோஜா மட்டும்தான்.