மாடு தின்ற சீட்டு

நேற்று மூத்தவன் தன் டிராக்டருக்குப் புது சீட்டு வாங்கி வந்தான். பிளாஸ்டிக் உறையை உரித்ததும் மருந்துக்கடை மாதிரி ஒரு வாடை. எனக்கென்னவோ அதிலிருந்து மனசு நேராக வைக்கோல் வாசனைக்குப் போய்விட்டது.

பிள்ளைகளே, அது யுத்தம் நடந்த காலம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கரமனை ஆற்றோரம் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டினேன். டிராக்டரைப் பார்த்தவர்களே அப்போது குறைவு என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் கம்பீரமெல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான். சீட்டு என்பது துளை போட்ட இரும்புத் தட்டு. அதன்மேல் இருந்த தோல் மெத்தை நைந்து உதிர்ந்துவிட்டது. யுத்தத்தில் வேறு எங்கே கிடைக்கும்? சாக்கில் வைக்கோல் திணித்துக் கட்டிக்கொண்டேன். பஞ்சணைதான், போங்கள்!

வலியசாலைக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய நாள். காலையில் வந்து பார்த்தால் சீட்டில் சாக்குக் கந்தல் மட்டும் தொங்குகிறது. பக்கத்தில் பண்ணையின் பழைய உழவு மாடுகள் இரண்டும் சாவகாசமாக அசைபோடுகின்றன. மாட்டுக்காரன் வேலப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதுக வேலைய நீ எடுத்தேல்லா? உன் சீட்ட அதுக எடுத்துட்டு. சரியாப்போச்சுலே!"

அன்று பகல் பூராவும் வெறும் இரும்பில் உழுதேன். தட்டில் எத்தனை துளை என்று கண்ணால் பார்க்காமலே சொல்லியிருப்பேன்.

என் வீட்டார் திருநெல்வேலியில் இருந்ததால் சாயங்காலம் துணைக்கு வந்தவனும் வேலப்பன்தான். பெண்ணின் அப்பா பெஞ்சைக் காட்டினார்.

"இரியும் மாப்பிள்ளை."

"இருக்கட்டும் மாமா, நிக்கேன்."

தட்டில் வந்த ஏத்தங்காய் உப்பேரியை, அதுதான் நேந்திரங்காய் வறுவலை, நின்றே தின்றேன். மறுபடி சொன்னார், மறுபடி மறுத்தேன். அவர் முகம் மாறிற்று. உள்ளேயிருந்து பெண்ணின் அத்தை குரல்: "பையனுக்கு என்னமோ தீனமாக்கும். இரிக்க முடியாதவனுக்கா பொண்ணக் குடுப்பாங்க?"

தட்டு வைக்க வந்த பெண்ணை அப்போதுதான் பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று மனசு முடிவும் செய்துவிட்டது. ஆனால் எங்கே வலி என்று புது வீட்டில் எப்படி வாய்விட்டுச் சொல்வது? எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது வேலப்பன் எழுந்தான்.

"தீனமும் இல்ல, மண்ணும் இல்ல! எங்க மாடு ரெண்டும் இவனுக்க சீட்டத் தின்னுட்டு. பகல் முழுக்க இரும்புல இருந்துட்டு வந்திருக்கான், பாவம்."

கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்தியும் அடங்காத ஒரு சிரிப்பு. பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அத்தைகூடச் சிரித்தாள். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்தே:

"அப்பா, வைக்கோலுக்குப் பதிலா சகிரி வைக்கச் சொல்லுங்க. மாடு திங்காது."

தேங்காய் நாரைத்தான் இங்கே சகிரி என்போம். உங்கள் அம்மா எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது.

நிச்சயம் முடிந்த கையோடு, காக்கித் துணியில் அவள் தைத்த சகிரி மெத்தை வந்தது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. "பொண்ணு கொள்ளாம்லே" என்று மெச்சினான் வேலப்பன்.

பின்னாளில் டிராக்டர் பழைய இரும்புக்குப் போனபோது மெத்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் மூவரும் குப்புறக் கவிழப் பழகியது அதன்மேல்தான். அதுவும் நைந்து போயிற்று. வேலப்பன் இல்லை. பண்ணை முழுக்க இப்போது வீடுகள்.

நேற்று உங்கள் அம்மா புது சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "கொள்ளாம். ஆனா இத எந்த மாடு திங்கும்?"

மூத்தவன் ஒன்றும் விளங்காமல் தெருவைப் பார்த்தான். அங்கே மாடே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார முடியாமல் சிரித்தோம்.